கண்ணை மூடினால் விழுகிறவன்

ஆற்றில் முங்கினேன். எழப் போனால், மேலே எது கீழே எது என்று தெரியவில்லை.

தாமிரபரணியில் சிறுபிள்ளையிலிருந்து குளித்தவன் நான். அன்று நின்ற இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். கையால் துழாவினால் மணல் தட்டுப்படுகிறது. நானோ அந்த மணலை நோக்கியே தலையைக் கொண்டுபோகிறேன். பக்கத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். தண்ணீரைக் கக்கி முடித்து நான் கண்ணைத் திறந்தபோது, “என்ன வாத்தியாரையா, காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீரோ?” என்று கேட்டுச் சிரித்தார். உயிர் பிழைத்த நடுக்கத்தில் அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

என் பெயர் சாமுவேல். எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்துப் படிக்க வைத்தது என் அண்ணன் ஞானமுத்து. சபையில் மூப்பர். அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது, எனக்கும் கிடையாது. என் மனைவி அன்னபாக்கியம் என் தாய்மாமன் மாசிலாமணியின் மகள். எங்களுக்கு ஒரே பெண், கிருபை. அவளையும் அன்னபாக்கியத்தின் அண்ணன் மகன் தாவீதுக்கே கொடுப்பதாகச் சின்னதிலேயே பேசி வைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எப்போதும் உள்ளுக்குள்தான். அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொள்வோம்.

ஆற்றில் நடந்தது திடீரென்று வந்ததில்லை. அதற்கு முன்பே பாதம் மரத்துப்போய், பஞ்சுப் பொதியின் மேல் நடப்பதுபோல இருந்தது. இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. நடந்துகொண்டே எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்தால் அது குதிக்கும். நின்றால் முகம் நிற்கும். கரும்பலகையில் நான் எழுதும் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். கூடவே ஒரு வறட்டு இருமல், வருஷக்கணக்கில். கடைசியில் பள்ளிக்கூட மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பேசுவதுபோலப் பக்கத்தில் வந்து என் வாயை மோந்து பார்த்தார். மோந்து பார்த்து ஒன்றும் கிடைக்காததில் அவருக்கு ஏமாற்றம். ஆனாலும், “நீர் குடிக்கிறதா ஊர் முழுக்கப் பேச்சு இருக்கு. இல்லைன்னு தெளிவாகிற வரைக்கும் வகுப்புக்கு வராதேயும்” என்று சொல்லிவிட்டார். சபையிலும் அப்படியே ஆயிற்று. குடிகாரனுக்கு நற்கருணையின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது என்று குருவானவர் என்னை நிறுத்தி வைத்தார்.

அன்னபாக்கியம்தான் பாளையங்கோட்டைப் பக்கம் இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. “ஆஸ்பத்திரி எதுக்குலே? கொஞ்ச நாள் வீட்டுல இரி. எல்லாம் அடங்கிப்போவும்” என்றார். நான் பிடிவாதமாக இருக்கவே, அவரே வில்வண்டி கட்டி அழைத்துப்போனார். வழியெல்லாம் என் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பிடியில் எனக்கு இருந்த தைரியத்தை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்கு முன்னே பெரிய கூட்டம். கண்ணில் துணி கட்டியவர்கள், வயிறு வீங்கிய பிள்ளைகள், தேயிலைத் தோட்டத்துக் குளிர்காய்ச்சலோடு மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். எல்லாருக்கும் சொல்ல ஒரு நோய் இருந்தது. “உமக்கு என்ன வே?” என்று ஒருவர் கேட்டார். “நிக்க முடியல” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

டாக்டர் வெள்ளைக்காரர். சீமைக்குப் போய்ப் புதிதாகச் சிலவற்றைப் படித்துத் திரும்பியிருந்தார். வேதப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவராதலால் அவர் பேச்சு பிரசங்கம் மாதிரியே இருக்கும். “நீர் எழுந்து நில்லும். உம்முடைய பாதங்களை ஒன்றாய்ச் சேரும்” என்றார். சேர்த்து நின்றேன். “இப்போது கண்களை மூடும்.” மூடினேன். அடுத்த நொடி புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெசர் சவரிமுத்துவின் மார்பில் கிடந்தேன். மறுபடி நிற்கச் சொன்னார், மறுபடி விழுந்தேன். அண்ணன் சுவரோரம் நின்று இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கத்தில் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

என்னை வார்டில் சேர்த்தார்கள். அன்னபாக்கியம் கூட இருந்தாள். வாசலுக்கு வெளியே கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சுவாள். கஞ்சியை ஆற்றி, நான் சிந்திவிடுவேன் என்று அரைக் கிண்ணமாகத்தான் கையில் கொடுப்பாள். குறைத்துக் கொடுத்ததை நான் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. இரண்டு நாளைக்கொரு முறை அண்ணன் வருவார். துவையல், சுட்ட கருவாடு, அண்ணி கொடுத்துவிட்ட பணியாரம் என்று கை நிறைய வரும். பக்கத்துக் கட்டில்காரர், “அண்ணன்னா இப்படில்லா இருக்கணும்” என்று மாய்ந்துபோவார்.

டாக்டர் தினமும் ஏதாவது செய்தார். முட்டிக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டுவார். கண்ணுக்கு நேரே விளக்கைக் கொண்டுவந்து கண்பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பார். குண்டூசியால் பாதத்தைக் குத்தி, “தெரிகிறதா?” என்பார். எனக்குக் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. என்ன தேடுகிறார் என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். கோபப்படவில்லை. நான் வாத்தியார் என்பதாலோ என்னவோ, உட்கார்ந்து பாடம் நடத்துவதுபோலச் சொன்னார்.

மனுஷன் விழாமல் நிற்பதற்கு மூன்று துணை வேண்டுமாம். கண் ஒன்று. பாதம் தரையை உணர்வது ஒன்று. மூன்றாவது காது. கேட்கிற காது வேறு, அதற்கும் உள்ளே தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கிற காது வேறு. எனக்குப் பாதம் போய்விட்டது. உள்காதும் போயிருந்தால் கண் ஒன்றுதான் என்னை நிறுத்திக்கொண்டிருக்கிறது. அதை மூடினால் விழத்தான் செய்வேன். “தண்ணீருக்குள் முழுகினீர் அல்லவா? அங்கே கண்ணும் இல்லை, தரையும் இல்லை. இனி ஒருபோதும் முழுகாதேயும்” என்றார்.

உள்காதைச் சோதிக்கிற விதம் வேடிக்கையானது. காதுக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீச்சுவார்கள். சரியான காதுள்ளவனுக்கு உடனே அறை சுழலும், கண்மணி ஒரு பக்கமாக வெட்டி வெட்டி ஓடும். முதலில் மற்றவனுக்கு எப்படி ஆகிறது என்று எனக்குக் காட்டுவதற்காகச் சவரிமுத்துவைப் படுக்க வைத்தார்கள். “நான் மூக்கையா நாடார் கடைச் சாராயத்தையே அசையாம நின்னு குடிச்சவன், துரை. இந்தத் தண்ணி என்ன செய்யும்?” என்று வீறாப்பாகப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “மாதாவே, வீடு சுத்துதே” என்று கத்தி, காலையில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தார். பிறகு என் முறை. தண்ணீர் போனது. சில்லென்று இருந்தது. அவ்வளவுதான். மறுகாதிலும் அப்படியே. பிறகு வெந்நீர். அதற்கும் ஒன்றும் இல்லை. சவரிமுத்து வாயைத் துடைத்துக்கொண்டே என்னைப் பொறாமையோடு பார்த்தார்.

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. “இது குடி அல்ல. குடிகாரனுடைய காது உயிரோடிருக்கும். உம்முடைய காது மரித்துவிட்டது” என்றார். காது செத்ததற்காக ஒருவன் சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அன்னபாக்கியமும் அழுதாள்.

ஆனால் குடி இல்லையென்றால் வேறென்ன என்ற கேள்வி பாக்கியிருந்தது. இப்படித் தள்ளாடி நடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்ட சகவாசத்தால் வரும் நோய்தான் என்றார். அது முதுகுத் தண்டைத் தின்னுமாம். அதற்காக என் ரத்தத்தை எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வருகிற வரை நான் பட்ட பயத்தை எழுத முடியாது. நான் தப்பு செய்யாதவன். ஆனாலும் கண்ணாடிக் குப்பியில் போன அந்த ரத்தம் என்ன பொய் சொல்லுமோ என்று பயந்தேன். அன்னபாக்கியம் என் முகத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தாள். ரத்தம் சுத்தம் என்று பதில் வந்தது.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், வழிவழியாக வருகிற நோய் என்றார் டாக்டர். அதிலும் பல வகை உண்டாம். சிறுபிள்ளையிலேயே தொடங்கிப் பாதம் வில்போல வளைந்து, முட்டியில் தட்டினால் கால் அசையாமல் கிடப்பது ஒன்று. வளர்ந்த பிறகு வந்து, முட்டியில் தட்டினால் கால் வெடுக்கென்று உதைப்பது ஒன்று. எனக்குப் பாதம் நேராக இருந்தது, முட்டி லேசாகத்தான் அசைந்தது, காதோ அடியோடு செத்துக்கிடந்தது. “புத்தகத்தில் உள்ள எந்த வீட்டிலும் நீர் குடியேற மறுக்கிறீர்” என்று சிரித்தார். என் இருமலைக்கூட விடாமல் குறித்துக்கொண்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கும் தெரியவில்லை. “உம்முடைய குடும்பத்தில் இன்னொருவர் இப்படி இருந்தார் என்று தெரிந்தால் எனக்குச் சந்தேகம் இராது. நானே வந்து உங்கள் சபையில் சொல்லுவேன். அப்படி ஒருவரும் இல்லையா? தள்ளாடினவர்? தண்ணீரில் மூழ்கினவர்?”

“என் மாமனார் ஆத்துலதான் போனாரு. ஆனா அவரு குடிச்சிட்டு இறங்கினாரு” என்றேன்.

“குடித்ததை நீர் கண்டீரா?”

நான் காணவில்லை. எல்லாரும் சொன்னார்கள். மாசிலாமணி மாமா தெருவில் சுவரைப் பிடித்து நடப்பது எனக்கு நினைவிருக்கிறது. குடிகார மாமா என்றுதான் எங்கள் வீட்டில் பேர். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அன்னபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தேன். கஞ்சிக் கலயத்தைத் துலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“ஒங்கப்பா குடிப்பாரா, அன்னம்?”

கலயத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “எங்கப்பா ஒருநாளும் தொட்டதில்ல.”

“பெறவு யாரு அப்படிச் சொன்னா?”

“வீட்டுல உள்ளவங்கதான். ஒங்கம்மாவும் எங்கம்மாவும் சேந்துதான். குடின்னு சொன்னா அது ஒரு ஆளோட போயிரும். ரத்தத்துல சீக்குன்னு தெரிஞ்சா வீட்டுல ஒரு பொண்ணையும் எவனும் எடுக்க மாட்டான். எங்க அப்பாவுக்கு முன்னால அவரு சித்தப்பாவையும் அப்படித்தான் சொன்னாங்க. எங்க பெரியத்தை தள்ளாடினதுக்குப் பேய்ன்னாங்க. வெளிய பொண்ணு குடுத்தா கேப்பாங்க. உள்ளுக்குள்ளயே குடுத்து வாங்கிக்கிட்டா யாரு கேக்கப் போறா?”

எங்கள் குடும்பப் பெருமை என்று நான் நினைத்திருந்ததன் அடியில் கிடந்தது இதுதான். மறைப்பதற்காக உள்ளுக்குள்ளேயே கட்டினார்கள். உள்ளுக்குள்ளேயே கட்டக் கட்ட அது பெருகியது. இருபக்கமும் ஒரே ரத்தமானால் இப்படிப்பட்டவை தலைதூக்கும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

“அப்போ என்னையக் குடிகாரன்னு ஊருல சொன்னது யாரு?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஞானமுத்து அத்தான்தான். ஒங்களுக்குக் கால் தடுமாற ஆரம்பிச்ச உடனேயே. எங்கிட்டயும் சொல்லிட்டாரு, வாயத் தொறக்கப்படாதுன்னு.”

நான் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. தண்ணீர் கேட்டேன். அரைக் கிண்ணம் கொண்டுவந்தாள். எல்லாரும் அறிந்து, நான் ஒருவன் மட்டும் அறியாமல் அவர்கள் நடுவில் இத்தனை நாள் சிரித்துப் பேசிச் சாப்பிட்டிருக்கிறேன். கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தேன்.

மறுநாள் அண்ணன் பணியாரத் தூக்கோடு வந்தார். டாக்டர் அவரை விடவில்லை. எங்கள் எல்லாருக்கும் முன்னால் அதே கேள்வியைக் கேட்டார். அண்ணன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார்.

“எங்க குடும்பத்துல அப்படி யாரும் கெடையாது, அய்யா. கர்த்தருக்கு முன்னால சொல்லுதேன். இவன் குடிப்பான். அதான் உள்ளது.”

டாக்டர் அன்னபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். “அம்மா, உம்முடைய தகப்பனார்?”

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். “குடிப்பாரு, அய்யா.” முந்தின நாள் என்னிடம் சொன்னதை அவளே மறுத்தபின் என் பேச்சுக்கு ஏது சாட்சி?

டாக்டர் போன பிறகு அண்ணன் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். “லே தம்பி, கோவப்படாம கேளு. எனக்கு மூணு பொட்டப்புள்ள. உள்ளுக்குள்ள இருந்த ஒரே பையன் தாவீது. அவன் கிருபைக்குன்னு ஆயாச்சு. மூத்தவளுக்கு நாசரேத்துல இருந்து வெளி இடம் வந்திருக்கு. இந்த நேரத்துல ரத்தம் கித்தம்னு வந்துச்சுன்னா அவ கதி என்ன? ஞாயித்துக்கிழமை சபையில எந்திரிச்சு, குடிச்சேன், இனிமே தொடமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. அன்னைக்கே மன்னிச்சு நற்கருணை குடுத்திருவாங்க. வேலையும் வந்திரும். குடிக்கு மன்னிப்பு இருக்குலே. இதுக்கு இருக்கா?”

“நீங்க எனக்கு அப்பா மாதிரில்லா இருந்தீங்க” என்றேன்.

“அதனாலதான் சொல்லுதேன்” என்றார். அவர் கை காலைப் பிடித்துவிடுவது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது, தோலுக்குத் தெரியவில்லை.

அன்னபாக்கியத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. டாக்டர் சொல்வதைக் கேட்டால் கிருபையைத் தாவீதுக்குக் கொடுக்கக் கூடாது. நோய் என்று தெரிந்தால் வெளியே எவனும் எடுக்கமாட்டான். ஒரே மகள் வீட்டோடு நின்றுவிடுவாள். “நீங்க ஆம்பள. தாங்கிக்கிடுவீங்க” என்றாள். எதை வைத்துத் தாங்குவது என்று அவள் சொல்லவில்லை.

டாக்டருக்கு மட்டும் என்மேல் நம்பிக்கை இருந்தது. சாட்சி இல்லாவிட்டாலும், குடி இல்லை என்பதை மட்டுமாவது ஞாயிற்றுக்கிழமை தாமே வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தார். ஆனால் ஜெர்மன் சண்டை மூண்டிருந்த நேரம் அது. பட்டாளத்துக்கு டாக்டர்கள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சனிக்கிழமை பெட்டி படுக்கையோடு ரயிலேறினார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எத்தனையோ நோயாளிகளில் நான் ஒருவன். சவரிமுத்து வந்து சொல்லத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவர் ரோமன் கத்தோலிக்கர், போதாக்குறைக்குச் சாராயமும் குடிப்பவர். அவர் சாட்சி எங்கள் சபையில் எப்படி எடுபடும்? நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. நாசரேத்துச் சம்பந்தக்காரர்களும் வந்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் குருவானவர் என் பெயரைச் சொன்னார். ஊன்றுகோலோடு முன்னே போனேன். பீடத்துக்கு எதிரே வெறும் தரை, பிடிக்க ஒரு தூண்கூட இல்லை.

“நான் குடிச்சதில்ல” என்று ஆரம்பித்தேன். “இது ஒரு நோய். காதுக்குள்ள இருக்கிற நோய். எனக்கு முன்னால...”

“ஐயரே” என்று குருவானவரை அழைத்து அண்ணன் எழுந்தார். குரலில் அவ்வளவு துக்கம். “என் தம்பி ரொம்பக் கலங்கிப்போயிருக்கான். அவன் பேசுறதுக்கு முன்னால ஒரு ஜெபம் பண்ணுவோம். எல்லாரும் எந்திரிச்சுக் கண்ண மூடிக்கிடுவோம்.”

ஆடைகள் சரசரக்க எல்லாரும் எழுந்தார்கள். குருவானவர், “ஜெபிப்போம்” என்றார்.

பேசத் தெரிந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுக் கண்ணை மூடியவன் நான். மூடக்கூடாது என்று மூளை சொல்வதற்குள் இமை மூடிவிட்டது. விழுந்துகொண்டே கண்ணைத் திறந்தேன். சபை முழுக்கக் கண்ணை மூடி நின்றது. அண்ணன் ஒருவர்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று பார்த்தது போலவே, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு எல்லாரும் கண் திறந்தபோது நான் பீடத்தின் முன்னால் கைகால் பரப்பிக் கிடந்தேன். வேறு சாட்சி யாருக்கு வேண்டும்? “கோயிலுக்கே குடிச்சிட்டு வந்திருக்கான்” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. முதலில் ஓடிவந்து என்னைத் தூக்கியது அண்ணன்தான். “பைய எந்திலே, பைய” என்று என் தலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டார். நாசரேத்துக்காரர் அவர் பொறுமையை மெச்சித் தலையாட்டினார்.

அண்ணன் மகளின் நாசரேத்துக் கல்யாணம் நடந்தது. கிருபைக்கும் தாவீதுக்கும் நடந்தது. போன மாதம் கிருபை வந்து, “அப்பா, நீங்க குடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்” என்று காதோடு சொன்னாள். “அத சபையில எந்திரிச்சுச் சொல்லுதியா?” என்று கேட்டேன். தன் வயிற்றைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தாள். முழுகாமல் இருக்கிறாள்.

இப்போது நோய் கொஞ்சம் நிதானமாக இருக்கிறது. குணமாகாது என்று தெரியும். பகலில் கோலோடு நடக்கிறேன், இருட்டுவதற்குள் வீடு சேர்கிறேன், குடத்துத் தண்ணீரை உட்கார்ந்தபடி ஊற்றிக் குளிக்கிறேன். இப்படித் தள்ளாடுகிறவன் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவன் வாயை மோந்து பார்க்காதீர்கள். அண்ணன் இன்றைக்கும் பணியாரம் கொடுத்துவிடுகிறார், நாய்க்குப் போடுகிறேன். அவரை மன்னிக்கும்படி குருவானவர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார். மன்னிக்கவில்லை.

குடித்தேன் என்று ஒரு வார்த்தை நான் ஒப்புக்கொள்கிற வரை நற்கருணை கிடையாது என்பதில் சபை உறுதியாக இருக்கிறது. நற்கருணை நாளில் கடைசிப் பாயில் உட்கார்ந்து, பாத்திரம் கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் ஆயுசில் இந்த நாக்கு தொட்ட மது அந்தப் பாத்திரத்தில் இருந்த திராட்சரசம் ஒன்றுதான்.